இரண்டு படங்களும் ஓர் ‘ஐ’யும்

மேசை மேல் இரண்டு படங்கள். ஒன்றில் பூனை ஓடுகிறது, நாய் பின்னால் பாய்ந்து வருகிறது. மற்றதில் நாய் ஓடுகிறது, பூனை பின்னால் வருகிறது. எதிரே 9 வயதுச் சிறுமி. தமிழ் அவளுக்கு வீட்டு மொழி அல்ல. ஆறு மாதமாகக் கற்கிறாள். பட அட்டையைக் காட்டினால் இருநூறு பொருள்களுக்குத் தயங்காமல் பெயர் சொல்வாள். “பூனையை நாய் துரத்துகிறது. எந்தப் படம்?” என்று கேட்டேன். சட்டென்று இரண்டாவது படத்தைத் தொட்டாள். பூனை என்ற சொல் முதலில் வந்துவிட்டது, அதனால் துரத்துவது பூனை. அவள் தாய்மொழியில் அப்படித்தான். முதலில் வருபவர்தான் செய்பவர்.

தப்பு என்று நான் சொல்லவில்லை. “பூனை நாயைத் துரத்துகிறது” என்று மெல்லச் சொல்லி, அவள் தொட்ட அதே படத்தைத் தொட்டேன். பிறகு “பூனையை நாய் துரத்துகிறது” என்று சொல்லி மற்றப் படத்தைத் தொட்டேன். இப்படி நான்கைந்து முறை. ஒரு கட்டத்தில் அவள் பார்வை படங்களை விட்டு என் வாய்க்கு வந்தது. “பூனை... யை?” என்றாள். அந்த ‘யை’யை ஆறு மாதமாக அவள் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

படத்தை வைத்து மொழி கற்பிப்பது என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு படம், அதன் கீழே ஒரு பெயர். ஆப்பிள் படம், ஆப்பிள் என்ற சொல். இதில் தவறில்லை, ஆனால் இது பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகிறது. இருநூறு பெயர் தெரிந்த பிள்ளையால் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். ஒரு படம் ஒரு பெயரைத் தரும். இலக்கணம் தெரிய வேண்டுமென்றால் இரண்டு படங்கள் வேண்டும். அவற்றுக்குள் ஒரே ஒரு வித்தியாசம் இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை மொழியில் ஒரே ஒரு துணுக்கு சுமக்க வேண்டும். தொடக்கநிலை இலக்கணத்துக்கான படங்களை நான் இந்த ஒரு கணக்கில்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

படத்தோடு மொழி கற்பிப்பது பழைய வழக்கம். 1658-ல் நியூரம்பெர்க் நகரில் கொமேனியஸ் என்ற செக் கல்வியாளர் வெளியிட்ட ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ என்ற லத்தீன்-ஜெர்மன் பாடநூலில், மரச்செதுக்குப் படத்திலிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. கீழே வாக்கியம் ஓடும். வாக்கியத்துக்குள் அந்தந்தச் சொல்லின் அருகே அதே எண் இருக்கும். பிள்ளை தனிச் சொல்லைப் படிக்கவில்லை, வாக்கியத்துக்குள் இருக்கும் சொல்லைப் படித்தது. பின்னால் வந்த பட அகராதிகள் பலவும் எண்களை எடுத்துக்கொண்டு வாக்கியத்தை விட்டுவிட்டன. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. 1945-ல் ஆங்கில இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸும் கிறிஸ்டின் கிப்சனும் குச்சி மனிதர்களை வைத்து ஆங்கிலம் கற்பிக்க ஒரு சிறு நூல் செய்தார்கள். அதில் படங்கள் தனித்தனியாக நிற்பதில்லை. அடுத்தடுத்த கட்டங்களில் ஒன்று மட்டும் மாறும். கூடவே வாக்கியத்திலும் ஒன்று மட்டும் மாறும்.

ஒரே படத்தை வைத்து ஏன் இலக்கணம் கற்பிக்க முடியாது? படம் ஒரே நேரத்தில் ஏராளமாகச் சொல்கிறது. நாய் பூனையைத் துரத்தும் அதே படத்துக்கு “பூனை ஓடுகிறது” என்பதும் சரி, “நாய்க்குக் கோபம்” என்பதும் சரி, “பூனை பயப்படுகிறது” என்பதும் சரி. ஒருவர் மற்றவருக்குப் பந்து தரும் படத்தில் தருவதும் வாங்குவதும் ஒரே காட்சி. அதை யார் பக்கத்திலிருந்து சொல்கிறோம் என்பதைப் படம் சொல்லாது, வாக்கியம்தான் சொல்லும். 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாய்மார்கள் குழந்தைகளோடு பேசும் காணொளிகளைச் சத்தமில்லாமல் பெரியவர்களுக்குக் காட்டி, அங்கே தாய் சொன்ன சொல் எது என்று ஊகிக்கச் சொன்னார்கள். பெயர்ச்சொற்களை ஓரளவு ஊகித்தவர்கள் வினைச்சொற்களில் மிகவும் தடுமாறினார்கள். வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை. எனவே ‘துரத்து’ என்ற வினையை ஒரு படத்தைக் காட்டிப் புரியவைத்துவிட்டோம் என்று ஆசிரியர் நம்பினாலும், மாணவர் அதை ‘ஓடு’ என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது படத்தைப் பக்கத்தில் வைத்ததும் இந்தக் குழப்பம் பெருமளவு வடிந்துவிடுகிறது. இரண்டிலும் நாய் இருக்கிறது, பூனை இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. மாறுவது யார் யாரை என்பது மட்டும். வாக்கியத்திலும் மாறுவது அது மட்டும். மூளைக்கு வேறு எங்கே போவது?

1958-ல் ஜீன் பெர்கோ என்ற மொழியியலாளர் செய்த சோதனையும் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குத் தாவுவதுதான். பறவை மாதிரி ஓர் உருவத்தை வரைந்து, எந்த அகராதியிலும் இல்லாத ‘வக்’ என்ற பெயரை அதற்கு வைத்தார். பக்கத்தில் அதே உருவம் இரண்டு. “இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டு...?” என்று நிறுத்தினார். 4 முதல் 7 வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் பன்மை விகுதியைச் சேர்த்துச் சொன்னார்கள். கேட்டே இராத சொல் என்பதால் மனப்பாடத்திலிருந்து சொல்ல வழியே இல்லை. விதி உள்ளே இருந்தது. நம் மாணவருக்கு ஒரு விகுதி நிஜமாகவே பிடிபட்டதா என்று தெரியவேண்டுமானால் இன்றும் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஒரு விசித்திரப் பிராணியை வரையுங்கள், ‘டோமி’ என்று பெயர் வையுங்கள், நாய் அதைத் துரத்தட்டும். “நாய் எதைத் துரத்துகிறது?” “டோமியை.” அவ்வளவுதான் பரீட்சை.

தமிழுக்கு வரும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் காத்திருக்கிறது. நம் விகுதிகள் பெயரோடு ஒட்டும்போது பெயரே உரு மாறுகிறது. மரம், மரத்தை ஆகிறது. வீடு, வீட்டை. கல், கல்லை. பந்து, பந்தை. ‘மரம்’ என்று அச்சிட்ட அட்டைக்குப் பக்கத்தில் ‘ஐ’ என்ற அட்டையை வைத்தால் மரத்தை வராது. பழம், பறவை, வீட்டுப் பொருள் என்று தலைப்பு வாரியாகச் சொற்களைப் பிரிப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ‘ஐ’ கற்கும் வாரத்தில் பழம், மரம், வீடு, கல் எல்லாம் கலந்து வந்தால் மாணவருக்குப் பல விதிகள் ஒரே நேரத்தில் தெரியும். எதுவும் விதியாகத் தெரியாது. முதல் சில வாரங்களுக்கு நான் சொற்களைப் பொருள் பார்த்து எடுப்பதில்லை, விகுதி எப்படி ஒட்டுகிறது என்று பார்த்து எடுக்கிறேன். நாய், மீன், பால், நூல், தேர், வேர். இவற்றில் எழுத்து எதுவும் விழுவதில்லை, இரட்டிப்பதில்லை. நாயை, மீனை, பாலை. அப்புறம் பூனை, யானை, தவளை. நடுவில் ஒரு ‘ய்’ எட்டிப் பார்க்கிறது, காதுக்கு உறுத்தாது. பந்து, வண்டு அடுத்து. மரமும் வீடும் கடைசியில். நாயும் தேரும் ஒரே பாடத்தில் வருவது பார்ப்பவருக்கு விநோதமாக இருக்கலாம். மாணவருக்கு இருக்காது, அவருக்கு ‘ஐ’ தெளிவாகக் கேட்கும்.

எழுத்தில் ‘பூனையைத் துரத்து’ என்று வரும் அந்த ‘த்’தை இந்தக் கட்டத்தில் திருத்தவே கூடாது என்பது என் திடமான கருத்து. அது பிறகு வரட்டும். படத்தில் அதற்கு இணையாக எதுவும் இல்லை.

அட்டைகளை வரிசையாக அடுக்கி வாக்கியம் கட்டும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. எடித் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது கேளாத ஆசிரியை, காது கேளாத பிள்ளைகளுக்காக யார், என்ன, எங்கே என்று தலைப்பிட்ட பத்திகளில் சொற்களை வைத்து வாக்கியம் அமைக்கும் முறையை 1926-ல் நூலாகத் தந்தார். 1997-ல் பேச்சுப் பயிற்சியாளர் அலிசன் பிரையன் இதே எண்ணத்தை நிறங்களாக்கினார். யார் என்பதற்கு ஆரஞ்சு, என்ன செய்கிறார் என்பதற்கு மஞ்சள், எதை என்பதற்கு பச்சை, எங்கே என்பதற்கு நீலம். குழந்தை ஒரு படத்தைப் பார்த்து, நிறத்துக்கு ஒரு துண்டாக எடுத்து வரிசையாக வைத்துப் படிக்கும். அருமையான முறை. பேச்சு தாமதமான குழந்தைகளுக்கும் இரண்டாம் மொழி கற்பவர்களுக்கும் இது நிறையவே உதவுகிறது.

ஆனால் அதை அப்படியே தமிழுக்கு எடுக்கும் இடத்தில்தான் கோளாறு நடக்கிறது. அந்த வரிசை ஆங்கிலத்தின் வரிசை. ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று அச்சடித்த பலகையில் தமிழ்ச் சொற்களை நிரப்பினால் ‘பையன் குடிக்கிறான் பாலை’ என்று வரும். குழந்தை சொல்வது புரியும், யாரும் திருத்தவும் மாட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தையின் எல்லா வாக்கியமும் அப்படியே உறைந்திருக்கும். நிறங்கள் இருக்கட்டும், வரிசையை மாற்றுங்கள்: யார், எங்கே, எதை, கடைசியில் மஞ்சள். மஞ்சள் கட்டத்தைப் பலகையின் வலது ஓரத்தில் ஒட்டியே வைத்துவிட வேண்டும். நடுவில் எத்தனை துண்டு வந்தாலும் வாக்கியம் அங்கே போய்த்தான் முடிகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற பெயர்கள் அப்போது தேவையில்லை.

இந்த வரிசை கற்பவருக்குக் கடினமாக இருக்குமோ என்ற கவலை சிலருக்கு உண்டு. உளவியலாளர் சூசன் கோல்டின்-மெடோவும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட முடிவு இங்கே தெம்பூட்டுவது. ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், துருக்கி மொழி பேசுபவர்களிடம் சிறு காட்சிகளைக் காட்டி, வாயைத் திறக்காமல் கைச்சைகையால் மட்டும் விவரிக்கச் சொன்னார்கள். கண்ணாடித் தாளில் வரைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்தக் காட்சியை மறுபடி உருவாக்கவும் சொன்னார்கள். இரண்டு வேலையிலும் நான்கு மொழிக்காரர்களும் பெரும்பாலும் ஒரே வரிசையில் போனார்கள்: செய்பவர், செய்யப்படுவது, செயல். இவர்களில் துருக்கி மொழிக்காரர்கள் மட்டுமே பேசும்போதும் அந்த வரிசையில் பேசுபவர்கள். ஆக, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் ஒருவருக்கு நம் வாக்கிய வரிசை அந்நியமானது அல்ல. அவர் தன் மொழியில் மொழிபெயர்க்கத் தொடங்கும்போதுதான் தடம் மாறுகிறார்.

காலத்தைப் படத்தில் காட்டுவது பலருக்கும் தலைவலி. அசையாத படத்துக்கு எப்போதுமே நிகழ்காலம்தான். வழக்கமாக மூன்று கட்டம் வரைவார்கள்: குவளை அருகே கை, தண்ணீர் ஊற்றும் கை, நிறைந்த குவளை. ஊற்றுவான், ஊற்றுகிறான், ஊற்றினான். ரிச்சர்ட்ஸ் நூலில் ஒரு மனிதர் தொப்பியை எடுக்கும் மூன்று கட்டங்களும் இதே வழிதான். நல்ல வழி, ஆனால் ஒரு குறை. நடுக்கட்டத்தை விரலால் மூடிவிட்டு மூன்றாவதைக் காட்டினால் மாணவர் “குவளையில் தண்ணீர் இருக்கிறது” என்பார். அதுவும் சரிதானே! இறந்தகாலம் படத்துக்குள் இல்லை, படங்களுக்கு நடுவில் இருக்கிறது. எனக்குக் கைகொடுத்தது இன்னும் எளிய ஒன்று. படத்தைப் பத்து நொடி காட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். “என்ன பார்த்தாய்?” பையன் ஓடினான், நாய் தூங்கியது, பாட்டி சிரித்தார் என்று இறந்தகாலம் தானாக வருகிறது, ஏனென்றால் பார்த்தது உண்மையிலேயே முடிந்துவிட்டது. எதிர்காலத்துக்குப் பாதி வரைந்த படம் போதும். மரத்தில் ஏறக் காலைத் தூக்கிய பையன். அடுத்த கட்டம் வெறும் தாள். “என்ன செய்வான்?”

கேள்விச் சொற்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். படத்தில் ஆளை மூடினால் யார், பொருளை மூடினால் எதை, இடத்தை மூடினால் எங்கே. காகிதத்தால் மூடியவர் ஆசிரியராக இருந்தால் மாணவர் கேட்க வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்பது வகுப்பறையில் எப்போதும் ஆசிரியர் வேலையாகவே இருந்துவிடுகிறது, அதனால் மாணவருக்குக் கேள்வி வாக்கியம் கடைசி வரை பழகுவதில்லை.

எதிர்மறை இதைவிடச் சிக்கலானது. ஓடாத நாயை எப்படி வரைவது? குறுக்கே பெருக்கல் குறி போடுவது வழக்கம். அது ‘ஓடவில்லை’ என்றும் படும், ‘ஓடக்கூடாது’ என்றும் படும். வாழ்க்கையில் நாம் ‘இல்லை’ என்பது, எதிரில் இருப்பவர் தப்பாகச் சொல்லும்போதுதான். அதையே செய்யலாம். நாய் தூங்கும் படத்தைக் காட்டி, முகத்தை மாற்றாமல் “நாய் ஓடுகிறது” என்று சொல்லுங்கள். எவ்வளவு கூச்சப்படும் மாணவரும் பாய்ந்து வந்து மறுப்பார். “இல்லை! நாய் ஓடவில்லை, தூங்குகிறது.” அந்த வேகத்தில் வரும் எதிர்மறை மறக்காது.

தமிழில் அடிக்கடி வரும் இரண்டு அமைப்புகள், படத்தில்தான் மிக இயல்பாக வெளிவரும் என்பது பல வருடத்தில் எனக்குப் புரிந்தது. ஒன்று பெயரெச்சம். ஒரு படத்தில் நான்கு நாய், நான்கும் ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்று தூங்குகிறது, ஒன்று ஓடுகிறது, ஒன்று குரைக்கிறது, ஒன்று தண்ணீர் குடிக்கிறது. “நான் நினைத்த நாய் எது?” என்று விளையாடினால், ‘தூங்குகிற நாய்’ என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. நிறம் வேறாக வரைந்தால் ‘கறுப்பு நாய்’ என்று தப்பித்துவிடுவார்கள். படம் தேர்வதில் இந்த அளவு கவனம் வேண்டியிருக்கிறது. மற்றது வினையெச்சம். கதைச் சொல்லும் நான்கு கட்டப் படத்தைத் தந்தால், வேறு மொழியிலிருந்து வரும் மாணவர் “ஓடினான், அப்புறம் எடுத்தான், அப்புறம் வந்தான்” என்று கோப்பார். கட்டங்களுக்கு நடுவே இருக்கும் கோட்டைக் கத்தரித்துவிட்டு, நான்கையும் நெருக்கி ஒட்டி, “ஓடிப்போய் எடுத்து வந்தான்” என்று ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினால், கடைசிக் கட்டத்தில் மட்டும்தான் வினை முடிகிறது என்பது கண்ணில் படும். ஒரு விளக்கமும் வேண்டாம்.

படம் கைவிடும் இடங்களும் உண்டு. பையனுக்குப் பசிக்கிறது, பெண்ணுக்கு மீன் பிடிக்கும் என்ற வாக்கியங்களில், படத்தில் நடுநாயகமாக நிற்பவர் வாக்கியத்தில் எழுவாயாக நிற்பதில்லை. ‘கு’ வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். ஆரஞ்சு அட்டையை வைக்கப்போன மாணவர் ‘பையன் பசிக்கிறான்’ என்பார். இதற்காக மட்டும் வேறு நிறத்தில் ஓர் அட்டை செய்து, பசி, தாகம், வலி, தூக்கம், பிடிப்பது, தெரிவது ஆகியவற்றுக்கு அதைத்தான் எடுக்க வேண்டும் என்று பழக்குகிறேன். மரியாதைப் பன்மையும் படத்தில் இல்லை. வந்தான், வந்தார் என்பது வருபவரின் முகத்தில் எழுதியிருப்பதில்லை, பேசுபவருக்கும் அவருக்கும் உள்ள உறவில் இருக்கிறது. படத்தில் பேசுபவரையும் ஓரமாக வரைந்து அவர் வாயிலிருந்து வாக்கியத்தைக் கிளப்பினால் ஓரளவு சமாளிக்கலாம்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற கேள்வியில் படம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை, அது ஒரு வசதி. ‘நாய் பூனைய தொரத்துது’ என்பதற்கும் ‘நாய் பூனையைத் துரத்துகிறது’ என்பதற்கும் ஒரே படம்தான். எதை முதலில் கற்பிப்பது என்று தீர்மானித்துவிட்டால், மற்றதை ஒரு வருடம் கழித்து அதே படத்தொகுப்பை எடுத்தே தொடங்கலாம்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வண்ணம் நிறைந்த, பின்னணியில் வானவில்லும் மலையும் உள்ள படம் கதை சொல்ல நன்றாக இருக்கும். விகுதி சொல்லித்தர உதவாது. கோட்டோவியம் போதும். கையால் மோசமாக வரைந்ததும் போதும், சொல்லப்போனால் அதுதான் மேல், ஏனென்றால் ஒன்றை மட்டும் மாற்றி அடுத்த படத்தை உங்களால் உடனே வரைய முடியும். அம்புக்குறி, அசைவுக் கோடு, யோசனைக் குமிழ் போன்றவற்றை எல்லோரும் ஒரே மாதிரி படிப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிகம் படிக்காத பெரியவர்களுக்குக் கற்பிக்கும்போது, கட்டங்களை இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும் என்பதையே முதலில் விரலால் காட்டித் தொடங்க வேண்டியிருக்கும்.

பேச வைக்க அவசரப்படவும் வேண்டாம். முதலில் கேட்டுத் தொடட்டும். அடுத்து, இரண்டு வாக்கியங்களில் எது இந்தப் படத்துக்கு என்று தேர்ந்தெடுக்கட்டும். பிறகு அட்டை அடுக்கட்டும். வாய் திறப்பது அதற்கும் பிறகு. தொடுவதில் தவறாதவர்தான் சொல்வதில் தைரியமாக இருப்பார்.

கடைசியில் படம் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு மாணவர்களை முதுகுக்கு முதுகு உட்கார வைப்பேன். ஒருவர் கையில் படம், மற்றவர் கையில் வெற்றுத் தாள், பென்சில். படம் வைத்திருப்பவர் சொல்லச் சொல்ல மற்றவர் வரைகிறார். சைகை உதவாது, முகம் தெரியாது, விரல் நீட்ட முடியாது. வாக்கியத்தை மட்டுமே நம்ப வேண்டும். அந்தச் சிறுமி, இன்னும் மூன்று மாதம் கழித்து, அதே நாய் பூனைப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு பையனுக்குச் சொன்னாள். வரைந்து முடித்து இருவரும் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அவன் தாளில் பூனை நாயைத் துரத்திக்கொண்டிருந்தது. “நான் பூனையைன்னு சொன்னேன்” என்றாள் அவள். அவன் தன் தாளையும் அவள் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அழிப்பானை எடுத்தான்.